ஐ.வி.எஃப். பாவமா என்று கேட்பதற்கு முன்

நீங்கள் கடிதத்தில் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். திருமணமாகி 4 ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை, உங்களுக்கு 33 வயது, மனைவிக்கு 30, நீங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), மனைவி கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். மாமியார் வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டிவிட்டு வந்திருக்கிறார், உங்கள் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கிறார், இதற்கிடையில் இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் ஐ.வி.எஃப்., அதாவது முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கும் சிகிச்சை, என்ற பேச்சை எடுத்துவிட்டார். சிகிச்சைக்குப் போவது விசுவாசக் குறைவா, ஐ.வி.எஃப். பாவமா, போவதென்றால் எங்கிருந்து தொடங்குவது என்று முக்கியமாக மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்; தத்தெடுப்பு பற்றியும், சபையில் யாரிடம் சொல்வது என்றும் இடையே கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதாமல் விட்ட நான்காவது கேள்வி ஒன்றும் இதற்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது: இந்த விஷயத்தில் உங்கள் இருவருடைய மனச்சாட்சியும் ஒரே இடத்தில் நிற்காவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அது. நான் மகப்பேறு மருத்துவர். தென் மாவட்டங்களில் 24 ஆண்டுகளாகக் குழந்தையின்மைக்குச் சிகிச்சை அளித்து வருகிறேன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் என்றாலும் இறையியல் படித்தவள் அல்ல. ஆகவே மருத்துவத்தையும் சட்டத்தையும் உறுதியாகவும், சபைகளின் நிலைப்பாட்டை அவர்களுடைய ஆவணங்கள் சொல்லும் அளவுக்கும் எழுதுகிறேன். அதற்கு மேல் வருவது என் சொந்தக் கருத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். மனைவிக்கு எடுத்த ஸ்கேன், தைராய்டு, ஏ.எம்.எச். (முட்டைகளின் கையிருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), கருக்குழாயில் சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரே என்று எல்லாவற்றையும் தேதியோடு எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு எடுத்த பரிசோதனை என்று ஒரு வரிகூட இல்லை. இது உங்கள் ஒருவருடைய பிழை அன்று. என்னிடம் வரும் கோப்புகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கின்றன, மனைவியின் தாள்கள் ஒரு விரற்கடை தடிமனுக்குச் சேர்ந்த பிறகே கணவரின் முதல் தாள் வந்து சேரும். குழந்தையின்மைக்கு வரும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணம் தனியாகவோ சேர்ந்தோ இருக்கிறது. விந்தணுப் பரிசோதனை மலிவானது, ஊசியோ மயக்கமோ இல்லாதது. 2 முதல் 7 நாள் வரை உறவைத் தவிர்த்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 லட்சம் அணுக்களும், அவற்றில் 42 சதவீதம் அசைவும் கீழ் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. இந்த எல்லைக்குக் கீழே வந்தால் குழந்தை பிறக்காது என்றோ, மேலே வந்தால் பிறந்தே தீரும் என்றோ பொருள் இல்லை. அணுக்கள் உருவாகி வெளிவர இரண்டரை முதல் மூன்று மாதம் ஆவதால், இடையில் வந்த கடும் காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும். ஆகவே அறிக்கை சரியில்லை என்றால் இடைவெளி விட்டு மறுபடி எடுத்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

சிகிச்சைக்குப் போவது விசுவாசக் குறைவா என்ற கேள்விக்கு நான் ராகேலைத்தான் நினைவுபடுத்துவேன். ஆதியாகமம் 30ஆம் அதிகாரத்தில், பிள்ளை இல்லாமல் தவித்த ராகேல், கோதுமை அறுப்புக் காலத்தில் ரூபன் கொண்டுவந்த தூதாயீம் கனிகளுக்காகத் தன் சகோதரி லேயாளிடம் பேரம் பேசுகிறாள். அந்தக் கனி கருத்தரிக்க உதவும் என்று அந்நாள் மக்கள் நம்பினார்கள். வேதம் அதற்காக அவளைக் கண்டிக்கவில்லை. கனியை வாங்கியவள் ராகேல், அடுத்துக் கருவுற்றவளோ லேயாள் என்பதையும் வேதம் மறைக்கவில்லை. புதிது புதிதாக மருந்துக்கடைக்கு வரும் ஒவ்வொரு மாத்திரையைப் பற்றியும் எனக்கு இந்த எச்சரிக்கை உதவுகிறது. எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி. லூக்காவைப் பவுல் வைத்தியன் என்றுதான் அழைக்கிறார். மருந்து எடுப்பதே அவிசுவாசம் என்று போதிக்கும் சிறு குழுக்கள் நம் பக்கத்தில் உண்டு. ஓர் உபவாசக் கூட்டத்தில் சாட்சி சொல்லிவிட்டுத் தைராய்டு மாத்திரையை நிறுத்திய ஒரு பெண் மூன்று மாதம் கழித்து, மாதவிலக்கு முற்றிலும் தாறுமாறாகிப் போன நிலையில் என்னிடம் வந்தார். ஜெபத்தை நிறுத்தும்படி நான் யாரிடமும் சொன்னதில்லை; மாத்திரையை நிறுத்தும்படி ஜெபக்கூட்டம் சொன்னால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி எது உறுதி என்று பார்ப்போம். 35 வயதுக்குட்பட்ட தம்பதியரில் பெரும்பாலோர், சுமார் 85 சதவீதம் பேர், முயற்சி தொடங்கிய ஓராண்டுக்குள் கருத்தரித்துவிடுகிறார்கள். ஆகவே நான்கு ஆண்டு என்பது பொறுத்துப் பார்க்கும் கட்டத்தைத் தாண்டிவிட்ட காலம். இப்போது பரிசோதித்துப் பார்ப்பதை அவசரப்படுவது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பரிசோதனைக்கும் ஐ.வி.எஃப்.க்கும் நடுவில் நீண்ட தூரம் இருக்கிறது, அந்தத் தூரத்தின் பெரும்பகுதியில் எந்தச் சபைக்கும் ஆட்சேபணை கிடையாது. தைராய்டு, புரோலாக்டின் ஆகிய ஹார்மோன்களைச் சீராக்குவது, நீர்க்கட்டி இருந்து முட்டை வெளிவராதவர்களுக்கு லெட்ரோசோல் மாத்திரை கொடுத்து முட்டை வளர்வதையும் வெடிப்பதையும் ஸ்கேனில் பார்ப்பது, கருக்குழாய் அடைப்பையோ, கருப்பை உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸையோ லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவை) மூலம் சரிசெய்வது, ஆணுக்கு விரைப்பையில் நரம்புச் சுருட்டல் இருந்து அணு எண்ணிக்கையும் குறைந்திருந்தால் அதற்கு அறுவை செய்வது ஆகிய இவையெல்லாம் உடலின் குறையை நீக்கி, கணவன் மனைவி உறவின் வழியாகவே கரு உண்டாக வழிவிடுகின்றன. வத்திக்கான் 2008இல் வெளியிட்ட 'திக்னித்தாஸ் பெர்சோனே' என்ற ஆவணம் ஹார்மோன் சிகிச்சையையும் அறுவைச் சிகிச்சையையும் பெயர் சொல்லியே ஏற்றுக்கொள்கிறது. உங்கள் மனைவிக்குச் சுழற்சி 40, 45 நாள் என்று தள்ளிப்போகிறது என எழுதியிருக்கிறீர்கள், கருக்குழாய்கள் திறந்திருக்கின்றன. உங்கள் அறிக்கை நன்றாக இருந்தால் நான் ஐ.வி.எஃப். பற்றிப் பேசவே மாட்டேன், முதலில் நான்கைந்து சுழற்சிக்கு முட்டை வளர்க்கும் மாத்திரைதான். உடலைப் பார்க்காமல், அறிக்கைகளை நேரில் வாசிக்காமல் சொல்கிறேன் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த படி ஐ.யூ.ஐ., அதாவது கணவரின் விந்தணுவைச் சுத்திகரித்துச் சிறு குழாய் மூலம் கருப்பைக்குள் செலுத்துவது. ஒரு சுழற்சியில் வெற்றி வாய்ப்பு பொதுவாக 10 முதல் 15 சதவீதம்தான். சி.எஸ்.ஐ. போன்ற சீர்திருத்த சபையார் பெரும்பாலோருக்கு இதில் தடை தெரிவதில்லை. கத்தோலிக்க நிலைப்பாடு நுட்பமானது: 1987இல் வெளிவந்த 'தோனும் வீத்தே' என்ற போதனை, தாம்பத்திய உறவுக்கு மாற்றாக நிற்கும் எந்த முறையையும் ஏற்பதில்லை, அந்த உறவுக்குத் துணை நிற்கும் முறையை ஏற்கிறது. சுயஇன்பத்தின் மூலம் மாதிரி எடுப்பதும் அதற்கு உடன்பாடில்லை. இதற்காகவே, அணுவைக் கொல்லாத பொருளால் செய்த, சிறு துளையிட்ட உறையை உறவின்போது அணிந்து மாதிரி சேகரிக்கும் வழி ஒன்று உண்டு; கடையில் கிடைக்கும் சாதாரண ஆணுறை இதற்கு ஆகாது. வீட்டில் சேகரித்தால் உடல் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். அப்படிச் சேகரித்துச் செய்யும் ஐ.யூ.ஐ. அனுமதிக்கத் தக்கதா என்பதில் கத்தோலிக்க இறையியலாளர்களே பிரிந்து நிற்கிறார்கள். பரிசோதனைக்குக்கூட இந்த உறையைக் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. கழிவறையை ஒட்டி, தாழ்ப்பாள் சரியாக விழாத ஓர் அறையில், வெளியே செவிலியர் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருக்க, கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு நிற்கும் நிலை எந்த மதத்து ஆணுக்கும் இனியதாக இருந்ததில்லை.

இப்போது ஐ.வி.எஃப். கத்தோலிக்கத் திருச்சபையின் பதில் தெளிவானது, அதை நான் மழுப்பப் போவதில்லை: கணவன் மனைவியின் சொந்த முட்டையும் அணுவும் என்றாலும், உடலுக்கு வெளியே கருவை உண்டாக்குவதை அது ஏற்பதில்லை. தானமுட்டை, தானவிந்து, வாடகைத்தாய் ஆகியவற்றை மிகக் கடுமையான தவறாகவும், தம்பதியரின் சொந்த அணுக்களால் செய்வதை அதைவிடக் குறைந்த, ஆயினும் ஏற்க முடியாத தவறாகவும் அதன் மறைக்கல்வி நூல் தரம் பிரிக்கிறது. குழந்தை ஒருவருக்குச் சேர வேண்டிய கடன் அல்ல, கொடை என்பதும், கருவுற்ற கணத்திலிருந்தே அதை மனித ஆளாக மதிக்க வேண்டும் என்பதும் இதற்கு அடிப்படை. அதே சமயம், எந்த வழியில் பிறந்தாலும் குழந்தையை இறைவனின் கொடையாக ஏற்க வேண்டும் என்றும் 1987ஆம் ஆண்டு ஆவணம் சொல்கிறது. ஆகவே 'டெஸ்ட் டியூப் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது' என்று உங்கள் உறவினர் சொன்னது வெறும் வதந்தி. சி.எஸ்.ஐ., லுத்தரன் போன்ற சபைகளில் எல்லோரையும் கட்டுப்படுத்தும் இப்படியொரு போதனை பீடம் இல்லாததால், ஒரு சேகரத்து ஐயர் (சபைக் குரு) சரி என்பார், பக்கத்துச் சேகரத்து ஐயர் வேண்டாம் என்பார். பல சபைகள் சேர்ந்து தாங்கி நிற்கும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்புத் துறை இயங்குகிறது. கத்தோலிக்க மிஷன் மருத்துவமனைகள் அந்தச் சிகிச்சையைச் செய்வதில்லை. இவ்விரண்டும் ஒரே வேதத்தை வாசிக்கிறவர்கள் நடத்தும் மருத்துவமனைகள்தான்.

என் அனுபவத்தில், 'பாவமா இல்லையா' என்று கேட்டுக்கொண்டு வந்து, 'இல்லை' என்ற பதிலோடு சிகிச்சைக்குள் இறங்கிய தம்பதியரும் பிறகு உடைந்துபோனது வேறோர் இடத்தில்: எத்தனை முட்டைகளைக் கருவாக்குவது, மிஞ்சும் கருக்களை என்ன செய்வது என்ற இடத்தில். அதை முன்கூட்டியே யாரும் அவர்களிடம் கேட்டிருக்கவில்லை. நடப்பது இதுதான். ஏறத்தாழ 10 முதல் 12 நாள் தினமும் ஊசி போட்டுப் பல முட்டைகளை ஒரே சமயத்தில் வளர்க்கிறோம்; கடைசி ஊசி போட்டுச் சுமார் 36 மணி நேரத்தில், மயக்கம் கொடுத்து முட்டைகளை எடுக்கிறோம். 12 முட்டை கிடைத்தால் 9 அல்லது 10 முதிர்ந்தவையாக இருக்கும், அவற்றில் 6 அல்லது 7 கருவுறும், 5ஆம் நாள் வரை நிலைத்து வளர்வது 3 இருக்கலாம். ஒன்றைக் கருப்பையில் வைத்துவிட்டு மற்றவற்றை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைய வைப்போம். முதல் முயற்சியிலேயே குழந்தை பிறந்துவிட்டால், ஆண்டுக்கு ஒரு முறை கட்டணம் கேட்டு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரும். குழந்தைக்கு இரண்டு வயதாகியிருந்த நேரத்தில் அப்படி ஓர் அழைப்பைப் பெற்ற ஒரு பெண் என் முன்னால் உட்கார்ந்து, "டாக்டர், அந்த ரெண்டும் இவனுக்கு அண்ணனா தம்பியா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் மருத்துவப் பதில் இல்லை.

சட்டம் இதில் ஓரளவு தெளிவாக இருக்கிறது. 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ள செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, கருவை அதிகபட்சம் 10 ஆண்டுகள் வரை உறையவைக்கலாம். அதன் பின் அதை அழியவிட வேண்டும், அல்லது உங்கள் இசைவுடன் பதிவு பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தரலாம். எழுத்துப்பூர்வ இசைவு இல்லாமல் எந்தச் சிகிச்சையும் செய்யக்கூடாது; கருவைக் கருப்பையில் வைக்கும் வரை அந்த இசைவைத் திரும்பப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. இசைவுப் படிவம் பல பக்கம் இருக்கும். முட்டை எடுக்கும் நாள் காலையில், வெறும் வயிற்றோடு, கையில் ஊசி குத்திய நிலையில் கையெழுத்து வாங்குவதுதான் பல இடங்களில் வழக்கம். அதை முதல் ஊசிக்கு இரண்டு வாரம் முன்பே கேட்டு வாங்கி வீட்டில் வைத்து வாசியுங்கள். 'கிடைக்கும் முட்டைகளில் இத்தனையை மட்டும் கருவாக்கவும்' என்று எண்ணைக் குறிப்பிட்டு எழுதித் தர உங்களால் முடியும். மூன்றை மட்டும் கருவாக்கி, மீதியை முட்டையாகவே உறைய வைக்கலாம். முட்டையை உறைய வைப்பது பற்றிய மனச்சங்கடம், கருவைப் பற்றியதைவிடப் பலருக்கு மிகக் குறைவு. 'இது நடைமுறைக்கு ஆகாது' என்று சில மையங்கள் சொல்லும். இத்தாலியில் 2004 முதல் 2009 வரை சட்டமே மூன்றுக்கு மேல் கருவாக்கக்கூடாது என்றிருந்தது, அப்போதும் அங்கே குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருந்தன. அரசியல் சட்ட நீதிமன்றம் 2009இல் அந்த எண்ணிக்கை வரம்பை நீக்கியது, பெண்ணின் உடல்நலத்தைக் கருதி. வரம்பு வைத்தால் வெற்றி வாய்ப்பு குறையலாம், மறுபடி ஊசியும் செலவும் வரலாம் என்பதும் உண்மையே. செலவு லட்சங்களில் ஆகும் சிகிச்சையில் இது சிறிய விஷயம் இல்லை. இப்படிச் செய்தாலும் கத்தோலிக்கப் போதனையின் மறுப்பு அப்படியேதான் இருக்கும் என்பதை உங்கள் மனைவிக்கு நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

ஒரே கருவை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு, மூன்று வைத்து, எல்லாம் தங்கிவிட்டால், அதில் ஒன்றைக் கலைக்கலாமா என்ற கேள்வி 12ஆம் வாரத்தில் உங்கள் முன் வந்து நிற்கும். அந்த அறையில் அழாத தம்பதியை நான் பார்த்ததில்லை. தானமுட்டை பற்றியும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஏ.எம்.எச். குறைவு என்ற ஒரே தாளைக் காட்டி, 30 வயதுப் பெண்ணிடம் தானமுட்டைக்குப் பேசுவது இன்று மிகவும் அதிகமாகிவிட்டது. அந்த எண் முட்டைகளின் கையிருப்பை ஓரளவு காட்டுமே தவிர அவற்றின் தரத்தைக் காட்டாது, தரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது வயது. சாராளுக்குப் பிள்ளை இல்லாததால் அவளுடைய அடிமைப்பெண் ஆகார் மூலம் ஆபிரகாமுக்குப் பிள்ளை பிறந்த வேதக் கதையை எண்ணி, ஐ.வி.எஃப். ஏற்கிற சி.எஸ்.ஐ. குடும்பங்களும் மூன்றாம் நபர் என்றவுடன் பின்வாங்குவதை நிறையப் பார்க்கிறேன். வேண்டாம் என்றால் 'எங்கள் சொந்த முட்டையும் அணுவும் மட்டுமே' என்று படிவத்தில் கைப்பட எழுதுங்கள்.

சந்தேகத்துக்குரியவையும் உண்டு. கருவிலிருந்து செல் எடுத்துச் செய்யும் மரபணுச் சோதனை, உங்கள் மனைவியின் வயதில், குறிப்பிட்ட காரணம் இல்லாமல் செய்தால் பயன் தருகிறதா என்பது உறுதியாகவில்லை. அது சில கருக்களை ஒதுக்கவே செய்யப்படுவது என்பதால் உங்களுக்கு மனச்சாட்சிச் சிக்கலும் சேரும். கருப்பையின் உட்சுவரை லேசாகக் கீறிவிடுவது, நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்தை நரம்பில் ஏற்றுவது போன்றவை கட்டணத்தைக் கூட்டும் அளவுக்குப் பலனைக் கூட்டுவதற்குச் சான்று போதாது. வெற்றி சதவீதம் சொல்லும்போது, அது 'பாசிட்டிவ்' வந்த கணக்கா, குழந்தை பிறந்த கணக்கா என்று கேளுங்கள். நல்ல மையத்தில், 35 வயதுக்குட்பட்டவர்களிலும், ஒரு முறை வைத்த கரு தங்காமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியோ அதற்கு மேலோ இருக்கிறது.

தத்தெடுப்பைக் கடைசிப் புகலிடமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஆயினும் நீங்கள் கேட்டதால் ஒரு தகவல்: கிறிஸ்தவர்களுக்குத் தத்தெடுக்கும் உரிமை கிடையாது என்று பெரியவர்கள் சொல்வது பழைய கதை. 1956ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கு மட்டுமானது என்பதால், அந்நாளில் நம்மவர்கள் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாவலராக மட்டுமே ஆக முடிந்தது. இளைஞர் நீதிச் சட்டம் அதை மாற்றிவிட்டது, எந்த மதத்தவரும் முழுப் பெற்றோராகலாம் என்பதை 2014இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிவுசெய்து காத்திருக்கும் காலம் ஆண்டுக்கணக்கில் நீள்வதால், ஆசை இருந்தால் சிகிச்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

மனச்சாட்சி ஒரே இடத்தில் நிற்காவிட்டால் என்ற கேள்விக்கு என் கருத்து இது: ஊசி ஏறுவது மனைவியின் உடலில், ஆகவே தயங்குகிற மனைவியைச் சம்மதிக்க வைப்பது கணவரின் வேலை அல்ல. மனைவி எந்த எல்லை வரை நிம்மதியாக வருவாரோ அதுவே இருவரின் எல்லையாக இருக்கட்டும். அவர் தம் பங்குத்தந்தையிடம் தனியாகப் பேச விரும்பினால் பேசட்டும், நீங்களும் உடன் உட்கார்ந்து 'அவங்க சபைக்குத்தான் தடை, எங்க சபைக்கு இல்லை' என்று வாதாட வேண்டாம். சபையில் யாரிடம் சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். கல்யாண வீட்டிலும் அசன விருந்திலும் 'விசேஷம் உண்டா?' என்று கேட்பவர்கள் எல்லோருக்கும் பதில் சொல்லக் கடமை இல்லை. தேதி, ஊசி, முடிவு எல்லாம் தெரிந்த ஒரே ஒருவரை மட்டும் இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். முடிவு வரும் நாளில் உங்கள் சார்பில் இரண்டு அம்மாக்களுக்கும் தொலைபேசியில் பேச வேண்டியவர் அவர்தான்.

அடுத்த வாரம் ஆய்வகத்துக்குப் போங்கள். அறிக்கை வந்ததும், மருத்துவரிடம் எடுத்துச் செல்லும் கோப்பில் உங்கள் பெயர் போட்ட அந்தத் தாளை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.